அவனுக்கு விடு

நானூறு பேரை ஒரே மூச்சில் பாட வைக்கத் தெரிந்த ஒருவர் வெள்ளாந்துறையில் இருந்தார். எதைப் பாட வைப்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

பெயர் சூசை மிக்கேல். வயது ஐம்பத்தொன்று. போட் இன்ஜின் மெக்கானிக்.

ஊர் மைதானம் கடலை ஒட்டி இருக்கிறது. வடக்கு கோலுக்குப் பின்னால் பத்து வரிசை சிமெண்ட் படிக்கட்டு, அதற்கு மேல் தகரக் கூரை. வேறு எங்கேயும் நிழல் கிடையாது. அதனால் ஊர் ஜனம் மொத்தமும் அங்கேதான் உட்காரும். கோல் வலைக்கும் முதல் படிக்கும் நடுவில் ஆறு அடி இருந்தால் அதிகம்.

இருபது வருஷமாக அந்தப் படிக்கட்டில் பாட்டு எடுப்பவர் மிக்கேல். அவர் ஒரு வரி எடுப்பார், படிக்கட்டு திருப்பிப் பாடும். எதிர் டீமைக் கிண்டல் செய்ய ஒரு பாட்டு. ரெஃபரியைத் திட்ட ஒரு பாட்டு. எல்லாம் அவரே கட்டியது.

துறைமுகக் கோப்பை கால் இறுதியில் வெள்ளாந்துறைக்குக் கீப்பர் ரீகன். பத்தொன்பது வயது. மழை பெய்து பந்து ஈரம். இடைவேளை முடிந்து பத்து நிமிஷத்துக்குள் ரெண்டு பந்து அவன் காலுக்கு நடுவே புகுந்து போனது. ரெண்டாவது போனதும் மிக்கேல் எழுந்தார். நின்ற இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டினார்.

ரீகன் வலையில நல்ல பாடு,
ரெண்டு காலுக்கும் நடுவுல ரோடு,
வந்த மீனை வாரிப் போடு,
வா மச்சான் வா, இன்னொண்ணு போடு.

வலை நிறைய மீன் விழுந்தால் அந்தக் கரையில் நல்ல பாடு என்பார்கள். படிக்கட்டு சிரித்துச் சிரித்துப் பாடியது. வெள்ளாந்துறை மூன்றுக்கு ரெண்டு என்று ஜெயித்தது. ஜெயித்த பிறகும் பாடினார்கள். மறுநாள் மீன் ஏலக் கூடத்தில் பாடினார்கள். டீக்கடையில் பாடினார்கள். ரீகனின் அம்மா கோயிலில் முழங்கால் போட்டிருந்தபோது பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

உண்மையைச் சொன்னால் பாட்டு நன்றாக இருந்தது. கோளாறே அதுதான்.

அதற்குப் பிறகு மிக்கேல் ஏழு பாட்டுக் கட்டினார். வீரம், அலை, கோப்பை என்று என்னென்னவோ வைத்துக் கட்டினார். பிராக்டிஸ் நடக்கும்போது படிக்கட்டில் நின்று எடுத்துப் பார்த்தார். ஒன்றையும் யாரும் பிடிக்கவில்லை. ரெண்டாவது வரிக்குள் எவனாவது "நல்ல பாடு" என்பான். அவ்வளவுதான், பழைய பாட்டு வந்துவிடும்.

அரை இறுதிக்கு நாலு நாள் இருக்கும்போது ரீகன் கோச்சிடம் சொல்லிவிட்டான்.

"ஞாயித்துக்கெழமை நான் வரல சார். திங்கக்கெழமை கொச்சி போட்டுல ஏறுறேன். இனிமே பந்தே வேண்டாம்."

வேறு கீப்பர் ஊரில் இல்லை.

அன்று மத்தியானம் மிக்கேல் துறைமுகத்து ஐஸ் பிளான்ட்டுக்குப் போனார். அங்கே செலஸ்டினா மெஷின் ஆபரேட்டர். வயது முப்பத்துமூன்று. லீவு நாளில் ஜில்லா ரெஃபரி. மைதானத்துக்கு நடுவில் நின்று எட்டு வருஷம் எல்லா ஊர்க் கூட்டத்தையும் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

போவதற்கு மிக்கேலுக்குக் கூச்சம். செலஸ்டினாவைத் திட்டியே மூன்று பாட்டுக் கட்டியிருக்கிறார். ஒரு தடவை செருப்பும் எறிந்தார். இடைவேளையில் செலஸ்டினா அந்தச் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மிக்கேலுக்கு அவரிடம் ஒரு பயம்.

"என்னண்ணே," என்றார் செலஸ்டினா. "இன்னைக்கு ரெண்டு செருப்பும் கால்லயே இருக்கு."

"கேலி பண்ணாதீங்க ரெஃபரியம்மா. ஒரு விஷயம் கேட்டுப் படிக்க வந்திருக்கேன். சிஷ்யன்னு வச்சுக்கிடுங்க."

"சிஷ்யனா? எட்டு வருஷமா எனக்கு ஆஃப்சைடு சொல்லிக் குடுத்த வாத்தியார்ல்லா நீங்க."

மிக்கேல் தலையைச் சொறிந்தார். செலஸ்டினா ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"படிக்கட்டு சரியாப் பாட மாட்டேங்கு."

"நல்லாத்தான பாடுது. இங்க வரைக்கும் கேக்கு."

"அந்த ஒரே பாட்டத்தான் பாடுறானுவ. மத்த ஊர்ல பாருங்க, கூட்டம் பாட ஆரம்பிச்சா டீமுக்கு றெக்கை முளைக்கு. நம்ம ஊரும் அப்படிப் பாடணும். என்ன செய்யணும்?"

"ட்ரம் வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. ட்ரம்முக்கும் அந்தப் பாட்டே நல்லாப் பொருந்துது."

"மைக்?"

"மைக்ல பாடினேன். நான் மட்டும்தான் பாடினேன்."

செலஸ்டினா சிரிப்பை அடக்கினார்.

"ரீகன் வரலையாமே?"

"அது வேற பிரச்சினை. அதைக் கோச் பாத்துக்கிடுவாரு."

"அப்ப ரெண்டு பிரச்சினையா?"

"ரெண்டு."

செலஸ்டினா கொக்கியால் ஒரு ஐஸ் கட்டியை இழுத்துச் சறுக்குப் பலகையில் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே நின்ற வண்டியில் விழுந்தது.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். ஞாயித்துக்கெழமை விசில் என் கையில. உங்க டீம் ஜெயிக்கதுக்கு என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது."

"ஜெயிக்கவா கேட்டேன்? பாடத்தான கேட்டேன்."

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க பாட்டுக் கோஷ்டியைக் கூட்டிட்டு மைதானத்துக்கு வாங்க. கீப்பர் க்ளவுஸ் ஒரு ஜோடி கொண்டு வாங்க."

"யாருக்கு?"

"சிஷ்யனுக்கு."

மறுநாள் அறுபது பேர் வந்தார்கள். ரெஃபரியம்மா என்ன செய்யப் போகிறார் என்று வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். முன் வரிசையில் இன்னாசி. ஆட்டோ ஓட்டுபவன். கோஷ்டியிலேயே பெரிய வாய் அவனுக்கு. அவன் பக்கத்தில் மிக்கேலின் மச்சான் பெல்லார்மின்.

செலஸ்டினா மிக்கேலை நடு வட்டத்துக்குக் கூட்டிப் போனார். படிக்கட்டைப் பார்த்துக் கை காட்டினார். அறுபது பேரும் பாடினார்கள்.

"என்ன கேக்கு?"

"சத்தம். நல்லா கும்முனு இருக்கு."

"வார்த்தை?"

மிக்கேல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் பிடிபடல. காத்துல போயிருது."

"எட்டு வருஷமா எனக்கும் அப்படித்தான். நீங்க என்னை என்னன்னு திட்டினீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

மிக்கேலின் முகம் வாடிவிட்டது. மூன்று பாட்டு வீண்.

"மூணாவது பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் மெதுவாக.

"வாங்க, இப்ப கோலுக்குப் போவோம்."

மிக்கேல் க்ளவுஸ் மாட்டிக்கொண்டு வடக்கு கோலில் நின்றார். படிக்கட்டு அவர் முதுகுக்குப் பின்னால். செலஸ்டினா பந்தைப் பெனால்டி புள்ளியில் வைத்துவிட்டுப் படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்:

"கோல்ல யாரு நிக்காங்களோ அவங்க பேரைப் போட்டுப் பாடுங்க."

இதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? இன்னாசி எழுந்தே விட்டான்.

மிக்கேல் வலையில நல்ல பாடு,
ரெண்டு காலுக்கும் நடுவுல ரோடு.

முதல் பந்து உள்ளே போனது. மிக்கேலும் சேர்ந்து சிரித்தார். ரெண்டாவது பந்து போனது. அதற்கும் சிரித்தார்.

மூன்றாவது பந்து வருவதற்குள் அவருக்குக் குரல்கள் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன. இது இன்னாசி. இது ஒர்க்‌ஷாப்பில் தன்னிடம் வேலை பார்க்கிறவன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பாடுவது பெல்லார்மின். "ரோடு" என்னும்போது பெல்லார்மின் ஒரு அழுத்தம் கொடுத்தான். பாட்டுக்கு நடுவே "வீட்டுலயும் மச்சான் இப்படித்தான்" என்றும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது பந்து போனது.

நாலாவது பந்தை அவர் பார்க்கவே இல்லை. அடுத்த வரி எப்போது வரும் என்று காது பின்னால் போயிருந்தது. பந்து அவர் முட்டியில் பட்டு உள்ளே உருண்டது.

ஐந்தாவது பந்தை வைத்துவிட்டு செலஸ்டினா அதன் மேல் கால் போட்டு நின்றார். உதைக்கவில்லை.

படிக்கட்டு பாடிக்கொண்டே இருந்தது.

மிக்கேல் கொஞ்ச நேரம் நின்றார். கையைக் கீழே போட்டார். மறுபடி தூக்கினார். திரும்பிப் பார்க்க நினைத்தார், பார்க்கவில்லை.

"அடிங்களேன்," என்றார்.

"நேரம் பாக்கேன்."

"என்ன நேரம்?"

"இப்ப ரெண்டு நிமிஷம். அன்னைக்கு ரீகனுக்கு முப்பத்தெட்டு."

மிக்கேல் க்ளவுஸைக் கழற்றினார். செலஸ்டினா பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் மிக்கேல் ரீகன் வீட்டுக்குப் போனார். வாசலில் அவன் அம்மா தெரசம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. பாட்டு ரெண்டாம் பாகமா?"

"இல்ல தெரசா."

"உள்ளதான் இருக்கான். போய்ப் பாடுங்க."

உள்ளே ரீகன் பையில் லுங்கியை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். மிக்கேலுக்குத் தூரத்துச் சொந்தம். மாமா என்று கூப்பிடுவான்.

"நேத்து கோல்ல நின்னேன்," என்றார் மிக்கேல்.

"கேள்விப்பட்டேன். அஞ்சுல நாலு விட்டீங்களாம்."

"அஞ்சாவது அந்தம்மா அடிக்கவே இல்ல."

ரீகன் சிரிக்கவில்லை. இன்னொரு லுங்கியை எடுத்தான்.

"பின்னால இருக்கவன் பேசுறது எல்லாம் கேக்குல்லா," என்றார் மிக்கேல்.

"ம்."

"பெல்லார்மின் மூக்கு உறிஞ்சுறது கூடக் கேக்கு."

"அவரு பாட்டு முடியுற இடத்துல ரெண்டு தடவை உறிஞ்சுவாரு."

மிக்கேல் தண்ணீர் கேட்டார். தெரசம்மா கொண்டு வந்து வைத்தார். குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டார். அதையும் குடித்தார்.

"அந்தப் பாட்டை நான் கட்டியிருக்கக் கூடாது."

"நல்ல பாட்டுதான் மாமா. எனக்கே வாயில வருது. குளிக்கும்போது வருது, சாப்பிடும்போது வருது. வந்தா வந்துட்டுப் போவட்டும். பந்து வரும்போதும் வருது. அதான்."

மிக்கேல் காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழமை வாலே. உனக்குன்னு வேற ஒண்ணு கட்டுறேன். புலி, சுறான்னு வச்சு."

"வேண்டாம்."

"பின்ன என்ன வேணும்?"

ரீகன் பையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் நிறுத்தினான்.

"யாரும் ஒண்ணும் பாடக் கூடாது. அப்படின்னா வாரேன். படிக்கட்டு எனக்குப் பாட்டு எடுத்துச்சுன்னா, க்ளவுஸைக் கழட்டி வலைக்குள்ள போட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்துருவேன். பாதி மேட்ச்சா இருந்தாலும் சரி."

மிக்கேல் அங்கிருந்து நேராக ஐஸ் பிளான்ட்டுக்குப் போனார்.

"பாட வைக்க வழி கேட்டு வந்தேன் ரெஃபரியம்மா. இப்ப நானூறு பேரை ஊமையாக்கச் சொல்லுதான்."

"முடியுமா?"

"முடியாது. இருபது வருஷமா அவனுவளுக்கு நான் வாயைத் திறக்கத்தான் பழக்கி வச்சிருக்கேன்."

"ஒரு ஆளை முடியுமா?"

"எந்த ஆளை?"

செலஸ்டினா அவர் வாயைப் பார்த்தார், மெஷினைப் போட்டுவிட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை. மிக்கேல் ரெண்டு மணிக்கே வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்றார். வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். பாட்டு கிடையாது, கூச்சல் கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது.

"மூச்சு விடலாமா?" என்றான் இன்னாசி.

"மூக்கால விடு."

"தும்மல் வந்தா?"

"பொத்திக்கோ."

"நம்ம கோல் அடிச்சா?"

"கையைத் தட்டு. வாயைத் திறக்காத."

"இது மேட்ச்சா மாமா, பூசையா?"

"பாடுனா அவன் போயிருவான்லே. அப்புறம் கோல்ல நீதான் நிக்கணும்."

இன்னாசி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். போய் உட்கார்ந்தான்.

எதிர் டீம் கீழத்துறை. ஒரு பஸ் நிறைய ஆள் வந்து மேற்குக் கோட்டோரம் நின்றார்கள். அவர்களிடம் ரெண்டு ட்ரம் இருந்தது. படிக்கட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒருவன் கத்தினான்:

"ஏ, என்னவே, ஊர்ல யாரும் செத்துட்டாங்களா?"

படிக்கட்டு பல்லைக் கடித்தது.

ரீகன் வந்தான். முதல் பாதிக்கு வடக்கு கோல். படிக்கட்டைப் பார்க்காமல் வந்து முதுகைக் காட்டி நின்றான். செலஸ்டினா விசில் ஊதினார்.

பதினோராவது நிமிஷம் கீழத்துறைக்கு ஒரு கார்னர். பந்து தலைக்கு மேல் வந்தது. ரீகன் அரை அடி முன்னால் குதித்துவிட்டான். பந்து அவன் விரலைத் தாண்டி உள்ளே போனது.

நானூறு வாயும் திறந்தன. மிக்கேல் மைதானத்துக்கு முதுகைத் திருப்பிப் படிக்கட்டைப் பார்த்து ரெண்டு கையையும் விரித்து நின்றார். அவர் வாய்க்குள்ளேயே முதல் வரி நின்றது. விழுங்கினார்.

யாரும் பாடவில்லை. வலை ஆடி அடங்குவது கேட்டது.

ரீகன் தோள் ரெண்டும் காதுவரை ஏறி நின்றன. வரப்போவது வரட்டும் என்று நின்றான். வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. பந்தை எடுத்து வெளியே உருட்டினான்.

"போவட்டும், போவட்டும். மேல ஏறு," என்றான்.

படிக்கட்டு அவனைப் பார்த்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ரீகன் நிறுத்தவே இல்லை.

"வினோ, உள்ள வா. இன்னும் உள்ள. ஜெனிட்டன், பின்னால ஆளு. நல்லாருக்கு, நல்லாருக்கு. மேல ஏறு. எனக்கு விடு. எனக்கு விடு."

இன்னாசி மிக்கேலின் காதருகே வந்தான்.

"மாமா, இவன் இவ்வளவு பேசுவானா?"

"சும்மாரு."

"எப்பவுமே பேசுவானா?"

மிக்கேலுக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் கோலுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். ஒரு கீப்பர் பேசி அவர் கேட்டதே இல்லை.

அரை மணி நேரம் ஆனதும் கடற்காற்று எழுந்தது. கீழத்துறை ட்ரம்மும் ஏறியது. டிஃபென்டர் ஜெனிட்டன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் ஓடி வந்தான்.

"ஜெனிட்டன், பின்னால," என்றான் ரீகன்.

ஜெனிட்டனுக்குக் கேட்கவில்லை.

"பின்னால, பின்னால."

கேட்கவில்லை. ஆள் நெருங்கிவிட்டான். படிக்கட்டில் நானூறு பேரும் அதைப் பார்த்தார்கள். முதலில் எழுந்தது இன்னாசி. யாரும் யாரையும் கேட்கவில்லை. நானூறு பேரும் சேர்ந்து சொன்னார்கள்:

"ஜெனிட்டன், பின்னால!"

ஜெனிட்டன் திரும்பினான். பார்த்தான். பந்தைக் கடல் பக்கம் அடித்தான்.

அதற்குப் பிறகு படிக்கட்டு உறைந்துவிட்டது. என்ன செய்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. மிக்கேல் ரீகனின் கையைப் பார்த்தார். ரீகன் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் மறு கை க்ளவுஸின் பட்டையைப் பிடித்தான். இழுத்தான்.

இறுக்கிக்கொண்டான்.

மைதானத்தைப் பார்த்துத் திரும்பினான். ஆனால் முழுக்கத் திரும்பவில்லை. முகம் பாதி படிக்கட்டுப் பக்கம் இருந்தது. அடுத்ததை முன்பைவிட மெதுவாகவும் சத்தமாகவும் சொன்னான்.

"மேல ஏறு."

"மேல ஏறு," என்றது படிக்கட்டு.

பத்து பேரும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல மேலே ஏறினார்கள்.

"ஆளைப் பிடி."

"ஆளைப் பிடி."

அப்புறம் உயரமாக ஒரு பந்து வந்தது. ரீகன் கோலை விட்டு வெளியே ஓடினான்.

"எனக்கு விடு."

படிக்கட்டு தடுமாறியது. இதை எப்படித் திருப்பிச் சொல்வது? ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. மேல் படியில், மீன் விற்கும் பெண்கள் உட்காரும் வரிசையில், ஒரு குரல் கேட்டது.

"அவனுக்கு விடு."

உடனே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு விடு. அவனுக்கு விடு. வெள்ளாந்துறை ஆட்கள் விலகி நின்றார்கள். ரீகன் எகிறிப் பந்தை ரெண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான்.

மிக்கேல் பாடவில்லை. அவர் இன்னும் கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தார். இறக்க மறந்துவிட்டார்.

இடைவேளைக்குப் பிறகு ரீகனுக்குத் தெற்கு கோல். படிக்கட்டிலிருந்து நூறு மீட்டர். அங்கே வெறும் மணல், நேர் வெயில்.

இன்னாசி எழுந்தான். சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு நடந்தான். அவன் பின்னால் பெல்லார்மின். அவன் பின்னால் ஒரு வரிசை, ரெண்டு வரிசை. மீன்காரப் பெண்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒருவரும் இல்லை.

செலஸ்டினா மிக்கேலிடம் வந்தார்.

"எங்க போறாங்க?"

"தெரியல ரெஃபரியம்மா. நான் ஒண்ணும் சொல்லல."

"கோட்டுக்கு ரெண்டு மீட்டர் பின்னால உக்காரச் சொல்லுங்க. இல்லைன்னா ஆட்டம் தொடங்காது."

மிக்கேல் ஓடினார். ஆட்டம் தொடங்கிய பிறகு அவர் கூட்டத்துக்குச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

ரெண்டாவது பாதியில் அது பாட்டாகவே ஆகிவிட்டது. யாரும் கட்டவில்லை. ரீகன் ஒன்று சொல்வான். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் ரெண்டு கைதட்டுத் தட்டி அதைத் திருப்பிச் சொல்வார்கள். மொத்தம் நாலைந்து வார்த்தைதான். கீழத்துறை ட்ரம் கொஞ்ச நேரம் எதிர்த்து அடித்தது. அப்புறம் அடிக்கிறவனுக்கே தெரியாமல் அந்தக் கைதட்டோடு சேர்ந்துகொண்டது. பக்கத்தில் நின்றவன் அவன் பிடரியில் ஒன்று வைத்தான்.

அறுபத்தெட்டாவது நிமிஷம் வினோ ஒரு கோல் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு ரீகன் மூன்று பந்தைப் பிடித்தான், ஒன்றைக் காலால் தடுத்தான். கீழத்துறையும் லேசுப்பட்ட டீம் இல்லை. ஆட்டம் அப்படியே முடிந்தது.

துறைமுகக் கோப்பையில் பெனால்டி ஷூட்-அவுட் கிடையாது. சமமாக முடிந்தால் அடுத்த ஞாயிறு மறுபடி ஆட வேண்டும்.

கூட்டம் கலையவில்லை. செலஸ்டினா கோட்டோரம் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மிக்கேல் வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ரெஃபரியம்மா, பாடிட்டாங்க."

"கேட்டேன்."

"அடுத்த ஞாயிறும் இப்படியே பாடணும். நான் கொஞ்சம் வரி சேத்துக் கட்டலாம்னு பாக்கேன். இடையில ஒரு ராகம் மாதிரி போட்டு."

"அடுத்த ஞாயிறு கோல்ல யாரு?"

மிக்கேலின் சந்தோஷம் அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தார். ரீகன் தெற்கு கோல் கம்பத்தில் சாய்ந்து மணலில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்குப் போட்ல ஏறுறேன்னுல்லா சொன்னான்."

"கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்க? போகாதன்னு சொல்லணுமா, கும்பிட்டுக் கேக்கணுமா? நான் வாயைத் திறந்தாலே எதையாவது கெடுத்துருவேன். என்ன பேசணும்னு நீங்களே சொல்லித் தாங்க."

செலஸ்டினா ஷூவைத் தட்டி மணலை உதறினார்.

"பேசாம போய்ப் பக்கத்துல உக்காருங்க."

மிக்கேல் போனார். ரீகனுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அப்புறம் இன்னொரு தடவை திறந்தார். அதையும் மூடிக்கொண்டார்.

ரீகன் ஒரு க்ளவுஸைக் கழற்றினான். கொஞ்ச நேரம் கழித்து மற்றதையும் கழற்றினான். ரெண்டையும் சேர்த்துத் தட்டினான். தூரத்தில் இன்னாசி யாரிடமோ தான்தான் முதலில் எழுந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாமா," என்றான் ரீகன்.

மிக்கேல் அவனைப் பார்த்தார்.

"மேல ஏறுன்னு நான் சொன்னா நீங்க எல்லாரும் லேட்டா எடுக்கீங்க. முதல்ல கையைத் தட்டிட்டு அப்புறம் சொல்லுதீங்க. அதுக்குள்ள ஆளு தாண்டிப் போயிருதான். முதல்ல வார்த்தை வரணும். கைதட்டு பின்னால வந்தாப் போதும். அடுத்த ஞாயித்துக்கெழமை அதை மாத்தணும்."

மிக்கேல் தலையை ஆட்டினார். அவன் இன்னும் ஏதாவது சொல்வானா என்று பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.